துறந்த பலன் எங்கே போகிறது?

2007 ஏப்ரல் 28. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில், என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா. கல்லூரி ஆட்டங்களில் பேர் வாங்கிய இளைஞர்கள் கோட்டும் சூட்டுமாக வந்து, தங்கள் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று காத்திருந்தார்கள். மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயர் ஜோ தாமஸ். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரை எடுத்திருந்தது. ஆள் அங்கே இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த அந்த 22 வயது இளைஞர் அந்த நேரத்தில் மிச்சிகன் ஏரியில், அப்பாவோடு படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஆடப்போகும் இடத்துக்கு மேடை பழகாத மனிதர்தான் பொருத்தம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த 11 பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். இவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இவர்கள் வேலையில்லை. முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்கவும், நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒழிய, விதி இவர்களை விடாது. பின்னால் நின்று பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் மேல் எதிரியின் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கடமை.

லைன்மேன் என்றால் நமக்கு மின்கம்பம் ஏறுகிறவர். கரண்ட் போனால்தான் அவர் ஞாபகம் வரும். இந்த லைன்மேனின் நிலைமையும் அதுவே. ஓடியவருக்கு இத்தனை யார்டு, வீசியவருக்கு இத்தனை பாஸ், பிடித்தவருக்கு இத்தனை புள்ளி என்று ஆட்டம் முடிந்ததும் அட்டவணை வரும். லைன்மேன் பெயருக்கு நேரே எழுத எதுவும் இருக்காது. எதிரியைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் நடுவர் மைக்கைத் திறந்து ‘ஹோல்டிங்’ என்று அறிவித்து, தப்பு செய்தவரின் எண்ணை அரங்கம் முழுக்கக் கேட்கச் சொல்வார். தாமஸின் எண் 73. அந்த எண் ஒலிபெருக்கியில் வராத நாள்தான் அவருக்கு நல்ல நாள்.

அருகில் போய்ப் பார்த்தால்தான் இந்த வேலை புரியும். தாமஸ் இடது டேக்கிள். ஆறரை அடி உயரம், ஏறக்குறைய 140 கிலோ. எதிரே நிற்பவர் சற்றே இளைத்தவர், ஆனால் ஓட்டப்பந்தயக்காரரைப் போலப் பாயக்கூடியவர். சென்டர் பந்தைக் கால்களுக்கிடையில் பின்னால் தள்ளுகிறார். அதுதான் ஸ்னாப். அந்த நொடியில் தாமஸின் இடது கால் சாய்வாகப் பின்னே போகிறது. வலது கால் தரையை உரசியபடி கூடவே வருகிறது. முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். உள்ளங்கை இரண்டும் எதிராளியின் மார்பில், அக்குளுக்கு உட்புறமாகப் பதிய வேண்டும். கை கொஞ்சம் வெளியே வழுக்கினாலும் ஹோல்டிங் ஆகிவிடலாம். எதிராளி வெளிப்பக்கம் பாய்வதுபோல் பாவனை காட்டி உள்ளே திரும்புகிறார். தாமஸ் இடுப்பைத் திருப்பிக் குறுக்கே நிற்கிறார். பந்து எங்கே என்று அவர் பார்ப்பதில்லை. யாரைக் காக்கிறாரோ அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அவரையும் பார்க்க முடியாது. வலது கையால் வீசும் குவார்ட்டர்பேக்குக்கோ தன் இடதுபுறம் கண்ணுக்குப் படாது. அந்தக் குருட்டுப் பக்கத்தை நம்பி தாமஸிடம் விட்டிருக்கிறார். மூன்று நொடி. பந்து கையை விட்டுப் போய்விட்டது. அரங்கமே பந்தோடு சேர்ந்து தலையைத் திருப்புகிறது. தாமஸ் எழுந்து நடந்து, அடுத்த ஸ்னாப்புக்குக் குனிகிறார்.

ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை இப்படி. 2007 செப்டம்பரில் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபர் 22 வரை, தன் அணியின் கையில் பந்து இருந்த ஒரு ஸ்னாப்பைக்கூட அவர் விடவில்லை. மொத்தம் 10,363. தோல்வி உறுதியான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், காயம் படாமல் இருக்கட்டும் என்று முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைப்பதுண்டு. தாமஸ் அப்போதும் வெளியே வந்ததில்லை. கடைசியில் டென்னஸி டைட்டன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்த பிறகுதான் வந்தார். மறு வருடம் ஓய்வை அறிவித்தார்.

இனி மறுபக்கம். அந்த 11 பருவங்களில் பிரவுன்ஸ் வென்றது 48 ஆட்டம், தோற்றது 128. தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். குவார்ட்டர்பேக்குகள் இருபது பேர் வரை மாறினார்கள். தாமஸின் முதல் பருவத்தில் 10 ஆட்டம் வென்றும் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆடியவரை அந்த வாசல் பக்கமே அணி போகவில்லை. 2016இல் ஒரே ஒரு வெற்றி. 2017இல் அதுவும் இல்லை, 16 ஆட்டத்திலும் தோல்வி. 2015இல் தாமஸை டென்வர் பிராங்கோஸ் அணிக்கு மாற்றிக்கொடுக்கும் பேரம் கடைசி நேரத்தில் முறிந்தது. அந்தப் பருவத்தில்தான் பிராங்கோஸ் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது.

இந்தக் கணக்கைப் பார்க்கும் தமிழ் வாசகருக்குக் கீதை ஞாபகம் வராமல் இருக்காது. செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்று போர்க்களத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்ன போதனையைத் திண்ணையிலும் அலுவலகச் சுவரிலும் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவர்கள் நாம். ரோமாபுரியின் ஸ்டோயிக் சிந்தனையாளர்களும் இதையே வேறு வழியாக வந்து தொட்டார்கள். அவர்கள் காட்டிய உதாரணமும் வில்லாளிதான். குறி பார்ப்பதும் நாணை இழுப்பதும் அவன் பொறுப்பு, அம்பு கையை விட்ட பின் இலக்கில் தைப்பது அவன் வசத்தில் இல்லை. 48க்கு 128 என்ற கணக்கோடு, ஆட விரும்பி ஒவ்வொரு ஞாயிறும் களத்தில் குனிந்த ஒரு மனிதர் இந்த இரண்டு மரபுகளுக்கும் உயிருள்ள சாட்சிபோலத் தோன்றுகிறார்.

தாமஸ் கூலி வாங்காமல் உழைக்கவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கான டாலர் சம்பாதித்தார். தொடர்ந்து பத்து முறை சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். 2023இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, சாதனையாளர்களைக் கௌரவிக்கும், ஒஹையோவின் கேன்டனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். ஆனாலும் கூலி வேறு, வேலையின் பலன் வேறு. நெசவாளிக்குக் கூலி கிடைத்துவிடலாம், நெய்த துணியை யாரும் உடுத்தாவிட்டால் தறியில் கழிந்த நாட்கள் எதற்கு என்ற கேள்வி அவரை விடாது. விளையாட்டு வெற்றிக்காகவே ஏற்பட்டது. அந்த வெற்றி மட்டும் தாமஸுக்குக் கிட்டவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். அப்படி முடிப்பது உண்மைக்குத் துரோகம். ‘பலன்’ என்று நாம் சொல்லும்போது புள்ளியும் கோப்பையும் புகழும்தான் கண் முன் நிற்கின்றன. உழைப்பு இன்னொரு பலனையும் தருகிறது. அது உழைத்தவர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அதைத் துறக்க எந்த ஞானியாலும் முடியாது.

மைக் வெப்ஸ்டர் அதற்குச் சாட்சி. தாமஸ் படித்த அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 1974இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குப் போன சென்டர் அவர். 17 பருவங்கள் ஆடினார். தாமஸுக்குக் கிடைக்காத வெற்றியும் அவருக்குக் கிடைத்தது. நான்கு சூப்பர் பவுல் வெற்றிகள், ‘இரும்பு மைக்’ என்ற பட்டப்பெயர், 1997இல் ஹால் ஆஃப் ஃபேம். அந்த வருடங்களிலேயே அவர் சில இரவுகளைத் தன் பிக்கப் வண்டியில் கழித்துக்கொண்டிருந்தார். விழுந்த பற்களை சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டார். தூக்கம் வராதபோது மின்அதிர்ச்சிக் கருவியைத் தன் உடம்பிலேயே வைத்து அழுத்தி மயங்கிப்போனார். 2002 செப்டம்பர் 24 அன்று இறந்தார். வயது 50.

பிட்ஸ்பர்க் பிணவறையில் அந்த வாரக் கடைசியில் பணியில் இருந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர். இறந்தவர்களின் ஆன்மா இன்னும் இருக்கிறது என்று நம்பி, உடற்கூறு செய்யும்போது அவர்களிடம் பேசுகிறவர். வெப்ஸ்டரின் மூளை வெளித்தோற்றத்தில் சாதாரணமாகவே இருந்தது. அங்கேயே கோப்பை மூடியிருக்கலாம். ஒமாலு மூடவில்லை. தன் சொந்தப் பணத்தைச் செலவழித்து மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். அந்த வயதில் இருக்கக் கூடாத டாவ் புரதத்தின் பழுப்புத் திட்டுகள் அங்கே இருந்தன. சி.டி.இ. என்று இன்று அழைக்கப்படும் மூளைச் சிதைவு அது. ஒரு பெரிய அடியால் மட்டும் வருவதில்லை. மயக்கம்கூட வராத சின்னச் சின்ன இடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வருவது. லைன்மேனுக்கு ஒவ்வொரு ஸ்னாப்பும் அப்படி ஓர் இடி. 10,363 என்ற எண்ணை இப்போது இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஒமாலுவின் கட்டுரை 2005இல் மருத்துவ இதழில் வந்தது. என்.எஃப்.எல். அமைத்த குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1999இல், லீகின் ஓய்வூதிய வாரியம் ஆட்டத்தில் பட்ட தலைக் காயங்களால்தான் வெப்ஸ்டர் செயலிழந்தார் என்று ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு கை ஒப்புக்கொண்டதை மறு கை மறுத்தது. 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீயும் அவர் குழுவும் தானமாகப் பெற்ற முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் 111 மூளைகளைச் சோதித்து, 110இல் சி.டி.இ. இருப்பதாக வெளியிட்டார்கள். அறிகுறிகள் இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் தருவதால், ஆடிய எல்லோருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்த முடியாது என்று அவர்களே எச்சரித்தார்கள். எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டாலும் அந்த எண் தூங்கவிடாது. அறிக்கை வந்த இரண்டாம் நாள், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் கார்டும் எம்.ஐ.டி.யில் கணித ஆய்வு மாணவருமான ஜான் அர்ஷல், 26 வயதில், ஆட்டத்தை விட்டு விலகினார்.

தாமஸுக்கும் இது தெரியாமல் இல்லை. இன்னும் ஆடிக்கொண்டிருந்த 2017இலேயே, நினைவு மங்குவதைத் தான் எதிர்பார்ப்பதாகவும் அது தொடங்கிவிட்டதுபோல் இருப்பதாகவும் ஒரு பேட்டியில் சொன்னார். தெரிந்தே குனிந்தார்.

தன் உடம்பை இப்படிச் செலவழிக்க ஒருவருக்கு உரிமை உண்டா? என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களில் பக்தி மிகுந்த கிறிஸ்தவர்கள் நிறைய. 1990இலிருந்து, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்காரர்களும் மைதான நடுவில் ஒன்றாக முழங்காலிட்டு ஜெபிக்கும் வழக்கம் இருக்கிறது. அவர்கள் வாசிக்கும் அதே வேதாகமத்தில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது உடலை ஆவியின் ஆலயம் என்கிறார், நீங்கள் உங்களுக்குச் சொந்தமானவர்கள் அல்ல என்றும் நினைவூட்டுகிறார். அதே கிறிஸ்தவ மரபு பிறருக்காகத் தன்னைக் கொடுப்பதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் லைன்மேன் நிற்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. பலனை எதிர்பாராதே என்பது ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். வேலை வாங்குகிறவர் வேலை செய்கிறவரிடம் அதைச் சொன்னால் போதனை சுரண்டலாகிவிடுகிறது. தொழிலாளி துறந்த பலன் காற்றில் கரைவதில்லை, இன்னொருவர் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. கெட்ட பலன் மட்டும் அவர் தலைக்குள் தங்குகிறது. கடமை, தியாகம், அர்ப்பணிப்பு என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு கணக்கையும் கேட்க வேண்டும். கேட்காமல் கைதட்டுவது வெப்ஸ்டரை இன்னொரு முறை அந்த வண்டியில் படுக்கவைப்பதற்குச் சமம்.

பலன் யாருக்கு என்ற முடிவைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்ட ஒரு சென்டரும் இருக்கிறார். ஜேசன் பிரவுன், வட கரோலினாக்காரர். 2009இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 3.7 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்தது. அன்றைக்கு லீகிலேயே அதிகம் சம்பளம் வாங்கிய சென்டர் அவர்தான். அவருடைய அண்ணன் ராணுவத்தில் இருந்தவர், 2003இல் இராக்கில் பீரங்கித் தாக்குதலில் இறந்துபோனார். அப்போது அண்ணனுக்கு 27 வயது. தனக்கும் 27 பிறந்தபோது பிரவுன் தன் வாழ்க்கையை அண்ணன் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2012இல் ராம்ஸ் அவரை விடுவித்தது. வேறு அணிகள் கூப்பிட்டும் போகாமல், லூயிஸ்பர்க் அருகே ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் நிலத்தில் விவசாயத்துக்கு இறங்கினார். உழவு தெரியாது. யூடியூப் காணொளி பார்த்தும் அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கேட்டும் கற்றுக்கொண்டார். 2014இல் முதல் விளைச்சலாக வந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பசித்தவர்களுக்கு உணவு சேர்க்கும் அமைப்புகளுக்குக் கொடுத்தார். பண்ணைக்கு அவர் வைத்த பெயரை நம் தமிழ் வேதாகமத்தின் சொல்லாலேயே சொல்லலாம்: முதற்பலன் பண்ணை. பழைய ஏற்பாட்டு மக்கள், அறுத்ததில் தாங்கள் ருசி பார்க்கும் முன் முதல் கதிர்க்கட்டைக் கடவுளிடம் கொண்டுபோவார்கள். பிரவுன் விளைந்தது யாருக்கு என்பதை விதைக்கும்போதே முடிவு செய்திருந்தார். அந்த நிலம் வாங்கிய பணம் குனிந்து நின்று இடி வாங்கிச் சம்பாதித்தது என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும்.

பிரவுன் பக்கமிருந்து திரும்பி வந்தால் தாமஸின் வேலை வேறு விதமாகத் தெரிகிறது. 1985 நவம்பர் 18 இரவு, வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பின்னாலிருந்து பிடித்து வீழ்த்தினார். தைஸ்மனின் கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது. தேசமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதன் பிறகு ஆடவில்லை. குருட்டுப் பக்கத்தைக் காக்கிறவர் எதைத் தடுக்கிறார் என்று அமெரிக்கா தெரிந்துகொண்டது அன்றுதான். தாமஸ் தடுத்த இடிகளுக்குக் கணக்கில்லை, நடக்காததை யாரும் எண்ணுவதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பந்து வீசிய இருபது பேரின் முறியாத எலும்புகளில்தான் அந்த உழைப்பின் பலன் இருந்தது. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லாததால் நாம் அவரைப் பலன் காணாதவர் என்று சொல்லிவிட்டோம். அது தவறு.

2018 செப்டம்பர் 20, வியாழக்கிழமை இரவு. கிளீவ்லாந்தில் பிரவுன்ஸும் நியூயார்க் ஜெட்ஸும் மோதிய ஆட்டத்தின் இடைவேளையில் தாமஸை மைதானத்துக்கு அழைத்து, அரங்கத்தின் கௌரவ வளையத்தில் ஓர் எண்ணைத் திறந்துவைத்தார்கள். 10,363. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடர்ந்தது. பிரவுன்ஸ் 21-17 என்று வென்றது. 2016 டிசம்பர் 24க்குப் பிறகு, 635 நாட்கள் கழித்து அந்த அணிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. தாமஸ் அப்போது ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது.